வாட்ஸ்அப் பிராட்காஸ்ட்: கெட்ட சேதியை நண்பர்களுக்குச் சொல்ல

கோவில்பட்டியில் பயறு, மிளகாய் வத்தல் கமிஷன் கடை வைத்திருக்கிறேன். காலையில் கடை திறந்ததும் அன்றைய விலையை வியாபாரிகளுக்கு அனுப்புவதுதான் முதல் வேலை. உளுந்து குவிண்டால் என்ன போகிறது, பாசிப்பயறு என்ன, சம்பா வத்தலில் முதல் ரகம் எவ்வளவு, மல்லி வரத்து எப்படி. இதற்கு வருஷக்கணக்காக வாட்ஸ்அப்பில் இருக்கும் பிராட்காஸ்ட் பட்டியலைத்தான் பயன்படுத்துகிறேன். குரூப்பில் விலை போட்டால் ஒருவர் கேட்கிற பேரத்தை எல்லோரும் பார்ப்பார்கள், வியாபாரம் நடக்காது. பிராட்காஸ்ட்டில் ஒரு தடவை எழுதினால் போதும். பட்டியலில் இருக்கும் ஒவ்வொருவருக்கும் தனிச் சேதியாகப் போய்ச் சேரும். வேறு யாருக்கெல்லாம் போனது என்று வாங்குகிறவருக்குத் தெரியாது. பதில் எழுதினால் எனக்கு மட்டும்தான் வரும்.

எனக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்ற புற்றுநோய் இருக்கிறது என்று நண்பர்களுக்குச் சொன்னதும் இதே வசதியை வைத்துத்தான். சிகிச்சை முடியும் வரை இதன் வழியாகத்தான் எல்லோரோடும் தொடர்பில் இருந்தேன். அந்த அனுபவத்தில் எழுதும் மதிப்புரை இது. இதே நிலைமையில் ராத்திரி தூக்கமில்லாமல் தேடிக்கொண்டிருக்கும் யாருக்காவது கண்ணில் படட்டும். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கெட்ட சேதி சொல்லக் கைபேசியில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் ஆட்களை வேலைக்குப் பிரிக்க இது போதாது. அதற்குச் சின்னதாக ஒரு குரூப் தனியாக வேண்டும்.

நோயைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மற்றது புரியும். கழுத்தின் இடப்பக்கம், காறை எலும்புக்கு மேலே, வலியே இல்லாத ஒரு கட்டி. ராத்திரியில் பனியன் நனைகிற வியர்வை, எடை குறைவு, உடம்பெல்லாம் அரிப்பு. நம் பக்கம் இப்படிப் போனால் முதலில் காசநோய்க் கட்டியாக இருக்கும் என்றுதான் சந்தேகப்படுவார்கள். இங்கே அதுதான் அதிகம். பிறகு வீங்கியிருந்த நிணநீர்க் கணுவை முழுதாக எடுத்து பயாப்ஸிக்கு அனுப்பினார்கள். இரண்டு கரு உள்ள பெரிய செல்கள், நுண்ணோக்கியில் ஆந்தைக் கண் மாதிரி தெரியும், ரீட் ஸ்டெர்ன்பெர்க் செல் என்று பெயர். இந்த நோயின் முக்கிய அடையாளம் அதுதான். கழுத்திலும் நெஞ்சுக்கூட்டின் நடுவிலும் கணுக்கள் வீங்கியிருந்தன, உதரவிதானத்துக்குக் கீழே இறங்கவில்லை, அதனால் இரண்டாம் கட்டம். 1832-லேயே தாமஸ் ஹாட்ஜ்கின் என்ற ஆங்கில மருத்துவர் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். 1970-களில் இத்தாலியின் மிலான் நகரத்தில் உருவாக்கிய நான்கு மருந்துக் கூட்டு, ஏபிவிடி என்பார்கள், அதைத்தான் எனக்கும் கொடுத்தார்கள். புற்றுநோய்களிலேயே குணமாகும் வாய்ப்பு நல்லபடியாக இருக்கிற வகை இது. நண்பர்கள் பயந்து போகாமல் இருக்க, இந்தக் கடைசி வரிதான் சேதியில் முதலில் இருக்க வேண்டியது என்று எனக்குப் பட்டது.

முதலில் போனில்தான் சொல்ல ஆரம்பித்தேன். நாங்கள் பள்ளிக்கூடத்திலிருந்து ஒன்றாக ஹாக்கி ஆடியவர்கள். கோவில்பட்டியில் இது அதிசயம் இல்லை, தெருவுக்குத் தெரு ஸ்டிக் பிடித்த ஆள் உண்டு. எங்கள் கோல்கீப்பருக்குப் போட்டேன். "ஏலே, பயாப்ஸி வந்துட்டு. கேன்சர்தான்" என்றேன். அந்தப் பக்கம் சத்தமே இல்லை. பிறகு அழுகிற சத்தம். அவனைத் தேற்ற ஆரம்பித்தேன். "ஒண்ணும் ஆகாதுல. மருந்து இருக்கு. டாக்டர் தெளிவாச் சொல்லிட்டாரு." அவன் மூக்கை உறிஞ்சி, தண்ணீர் குடித்து, ஒருவழியாகப் பேச்சுக்கு வர ரொம்ப நேரமானது. அடுத்தது சென்டர் ஹாஃப். அவன் அழவில்லை. எப்போது கட்டி வந்தது, யாரிடம் காட்டினாய், ஏன் முதலிலேயே சொல்லவில்லை, எந்த ஸ்கேன் எடுத்தார்கள் என்று வரிசையாகக் கேட்டான். அக்கறையில்தான் கேட்டான். ஆனால் கதையை முதலிலிருந்து சொல்லி முடித்தபோது எனக்கு மூச்சு வாங்கியது. நோய்க்காரன் ஒவ்வொரு தடவை சொல்லும்போதும் கேட்கிறவரின் துக்கத்தையும் சேர்த்துத் தாங்க வேண்டியிருக்கிறது. இன்னும் எத்தனையோ பேர் பாக்கி இருந்தார்கள்.

வீட்டில் அண்ணனுக்கு வெளியே சொல்வதிலேயே சம்மதம் இல்லை. "ஊரெல்லாம் தமுக்கடிக்கணுமா தம்பி? பிள்ளைக்கு நாளைக்கு ஒரு இடம் பாக்க வேண்டாமா? சரக்குப் போட்டவன் பூரா நாளைக்குக் காலைல பாக்கி கேட்டு வந்து நிப்பான்." அவர் பயத்தில் நியாயம் உண்டு. கமிஷன் கடையில் விவசாயி மூட்டையை இறக்கிவிட்டுப் போவான், விற்ற பிறகுதான் பணம். கடைக்காரன் நாளைக்கும் இருப்பான் என்ற நம்பிக்கைதான் முதலீடு. அதுவும் அப்போது தை மாதம். கரிசல் காட்டில் உளுந்தும் பாசியும் அறுத்து வருகிற நேரம். ஆனாலும் அண்ணனிடம் ஒன்று சொன்னேன்: தலைமுடி கொட்டத்தான் போகிறது, மதுரைக்கு அடிக்கடி போகத்தான் போகிறேன், விஷயம் தானாக வெளியே வரும், கண் காது மூக்கு வைத்து வரும். நானே சொன்னால் நான் சொன்னபடி போகும். அம்மாவிடம் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன். வீட்டுக்காரி, பிள்ளைகள், அண்ணன் வீடு எல்லாம் நேரில். இவர்களுக்கெல்லாம் எந்தச் செயலியும் உதவாது, உதவவும் கூடாது.

மற்றவர்களுக்கு அனுப்பிய சேதியை அப்படியே கீழே தருகிறேன். வேண்டியவர்கள் மாற்றி எழுதிக்கொள்ளலாம்.

"எல்லோருக்கும் வணக்கம். தனித்தனியாகப் பேசத் தெம்பு இல்லாததால் ஒரே சேதியைப் பல பேருக்கு அனுப்புகிறேன். எனக்கு ஹாட்ஜ்கின் லிம்ஃபோமா என்று உறுதியாகியிருக்கிறது. நிணநீர்க் கணுக்களில் வரும் புற்றுநோய். குணமாகும் வாய்ப்பு நன்றாக இருக்கிறது, குணப்படுத்தும் நோக்கத்தோடுதான் சிகிச்சை என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். மதுரையில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை கீமோ, சுமார் ஆறு மாதம். அம்மா உட்பட வீட்டில் எல்லோருக்கும் தெரியும். இப்போதைக்குப் போன் வேண்டாம். எழுதுங்கள், இல்லையென்றால் பேசி அனுப்புங்கள். முடியும்போது பார்ப்பேன். பதில் வராவிட்டால் கவலைப்பட வேண்டாம். பண உதவி இப்போது தேவை இல்லை. எது தேவையோ அதை நானே கேட்பேன். வைத்தியம் பற்றிய பார்வர்டு வேண்டாம். ஊர்ச் சமாசாரம், பிள்ளைகள், ஹாக்கி, எதை வழக்கமாகப் பேசுவோமோ அதையெல்லாம் எழுதுங்கள், என்னை நினைத்து நிறுத்திவிடாதீர்கள்."

இதில் எந்த வரி எப்படி வேலை செய்தது என்று பார்த்தவன் நான். அம்மா உட்பட எல்லோருக்கும் தெரியும் என்ற வரி இல்லாவிட்டால், வருகிறவர்கள் வாசலிலேயே நின்று குசுகுசுவென்று விசாரிப்பார்கள். அம்மா அடுப்படியில் நின்று அதைக் கேட்டுக்கொண்டிருப்பார். நானே கேட்பேன் என்ற வரியால் நண்பர்கள்தான் அதிகம் நிம்மதியானார்கள். என்ன செய்வது என்று தெரியாமல் தவிப்பதைவிட, கேட்கும்போது செய்தால் போதும் என்பது அவர்களுக்குப் பெரிய ஆறுதல். நோயின் பெயரை முழுசாக எழுதியதும் நல்லது. ஏதோ கட்டியாம் என்று எழுதியிருந்தால் அவரவர் மனதில் அவரவர் வீட்டில் நடந்த மோசமான கதைதான் ஓடும்.

இனி கருவியின் சூட்சுமங்கள். ஒரு பட்டியலில் 256 பேர் வரை சேர்க்கலாம், நண்பர் வட்டத்துக்கு அது தாராளம். முக்கியமான விதி ஒன்று உண்டு. உங்கள் நம்பரைத் தங்கள் போனில் சேமித்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் பிராட்காஸ்ட் போய்ச் சேரும். நீங்கள் அவர்கள் நம்பரைச் சேமித்திருப்பது கணக்கில் வராது. விலை அனுப்பிப் பழகியவன் என்பதால் இது எனக்கு முன்பே தெரியும். அதனால் அதே பட்டியலுக்கு முதலில் ஒரு பொங்கல் வாழ்த்தை அனுப்பினேன். அனுப்பிய சேதியை அழுத்திப் பிடித்துத் தகவலைத் திறந்தால் யாருக்கெல்லாம் போய்ச் சேர்ந்தது என்று வரிசையாகக் காட்டும். அதில் வராத பெயர்களுக்குப் போன் போட்டு, "என் நம்பரை சேவ் பண்ணு மாப்ள" என்றேன். அப்புறம்தான் உண்மையான சேதி. நெருங்கியவன் ஒருவனுக்கு மட்டும் சேதி போகாமல், அவன் டீக்கடையில் கேள்விப்பட்டால் அந்த வருத்தம் ஆறவே ஆறாது. இந்த ஒத்திகையை எல்லோரும் செய்ய வேண்டும்.

இரண்டாவது, நீல டிக்கை நிறுத்திவிடுங்கள். அமைப்பில் தனியுரிமைப் பகுதியில் இருக்கிறது. நிறுத்தினால் நீங்கள் படித்தது அவர்களுக்குத் தெரியாது, அவர்கள் படித்ததும் உங்களுக்குத் தெரியாது. இரண்டுமே நல்லதுக்குத்தான். மருந்து ஏறிய மறுநாள் படுத்தபடி படித்துவிட்டு, பதில் எழுதவில்லையே என்ற குற்ற உணர்வில்லாமல் போனைக் கவிழ்த்து வைக்கலாம். குரூப்பில் மட்டும் இது செல்லாது, குரல் பதிவைக் கேட்டாலும் கேட்டது தெரிந்துவிடும்.

பதில்கள் வர ஆரம்பித்தன. எங்கள் பி.டி. சார், ரிட்டையர் ஆகி வருஷமாகிறது, எழுதியது இதுதான்: "தம்பி, காலையில் கிரவுண்டுக்கு வா. ஓட வேண்டாம். உட்கார்ந்திரு." சென்டர் ஹாஃப், அத்தனை கேள்வி கேட்டவன், ஒரு குரல் பதிவு அனுப்பினான். அதில் மூச்சுதான் கேட்டது, பிறகு "சரில, வாரேன்" என்று ஒரு வார்த்தை. அவன் மில்லில் ஷிப்டு வேலை. சிகிச்சைக் காலம் முழுக்க, நைட் ஷிப்டு முடித்துத் தூங்கி எழுந்து மத்தியானம் என் கடையில் வந்து உட்கார்ந்து பில் போட்டான். கேட்காமலே வந்த உதவி.

ஆனால் எனக்கு இந்த வசதியின் அருமை முழுதாகப் புரிந்தது வேறொரு பதிலில். பத்தாம் வகுப்பில் கூடப் படித்தவர், எப்போதாவது பண்டிகைக்கு வாழ்த்துப் போடுவதோடு சரி. அவர் நள்ளிரவில் எழுதியிருந்தார். அவருக்கு மார்பகப் புற்றுநோய் வந்து சிகிச்சை முடிந்திருக்கிறது. வீட்டுக்காரரைத் தவிர வெளியே யாருக்கும் தெரியாது. கர்ப்பப்பை ஆபரேஷன் என்று சொல்லிச் சமாளித்தார்களாம். "உன் மெசேஜப் பாத்ததும் எனக்கும் ஒரு ஆளுக்காவது சொல்லணும்னு இருந்துச்சு" என்று எழுதியிருந்தார். குரூப்பில் நான் சொல்லியிருந்தால் அவர் மற்றவர்களைப் போலக் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்திருப்பார். ஒருவருக்கொருவர் மட்டும் பேசும் இடத்தில் பதில் விழுவதால்தான் இந்த வார்த்தை வந்தது. அதற்குப் பிறகு டாக்டரிடம் கேட்கத் தோன்றாத சின்னச் சின்ன விஷயங்களுக்கெல்லாம் எனக்கு அவர்தான். மருந்து ஏற்றுவதற்காக நெஞ்சில் தோலுக்கு அடியில் போர்ட் என்ற சின்னக் கருவியை வைத்த பிறகு, முன்பக்கம் பட்டன் வைத்த தொளதொளச் சட்டை போடச் சொன்னார். போர்ட்டை சலைன் ஏற்றிக் கழுவும்போது வாயிலும் மூக்கிலும் ஒரு வாடை ஏறும், அதற்கு முன்னால் புளிப்பு மிட்டாய் ஒன்றை வாயில் போட்டுக்கொள் என்றார். செய்து பார்த்தேன், வாடை அமுங்கியது. சிவப்பு மருந்து ஏறினால் சிறுநீர் சிவப்பாகப் போகும், ரத்தம் என்று பயந்துவிடாதே என்று முன்கூட்டியே எச்சரித்ததும் அவர்தான்.

அந்தச் சிவப்பு மருந்து பெயர் டாக்ஸோரூபிசின். நர்ஸ் பக்கத்திலேயே உட்கார்ந்து ஊசியில் மெதுவாகத் தள்ளுவார். கடைசியாக ஏறும் டகார்பசினுக்கு வெளிச்சம் ஆகாது, பாட்டிலுக்குக் கறுப்பு உறை மாட்டிவிடுவார்கள். அது சொட்டிக்கொண்டிருக்கும் நேரம்தான் நீளம். அந்த நேரத்தில்தான் சேர்ந்து கிடக்கும் குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகக் கேட்பேன். கிரவுண்டில் பையன்கள் கத்துகிற சத்தம், யார் வீட்டுக் குழந்தையோ திருக்குறள் ஒப்பிப்பது, வத்தல் விலை ஏறியதைப் பற்றி ஒருவர் விடாமல் புலம்புவது. சாதாரண நாள் வெளியே நடந்துகொண்டிருக்கிறது என்று காதில் கேட்பது, அந்த நாற்காலியில் உட்கார்ந்தவனுக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று உட்கார்ந்தால்தான் தெரியும்.

இனி சின்னக் குரூப். கோல்கீப்பர் ஆரம்பித்தான், பெயர் "மதுரை வண்டி". கைவிரல் எண்ணிக்கையில்தான் ஆட்கள், என் வீட்டுக்காரியும் உண்டு. ஒவ்வொரு கீமோவுக்கும் முன்னால் வாக்கெடுப்புப் போடுவார்கள்: யார் வண்டி ஓட்டுவது, யார் கூட இருப்பது, யார் கடையில். 2022 கடைசியில் வந்த இந்த வாக்கெடுப்பு வசதி இதற்கென்றே செய்த மாதிரி இருக்கிறது. நான் யாரையும் கெஞ்ச வேண்டியதில்லை, முடியாதவர்கள் சாக்குச் சொல்ல வேண்டியதில்லை. குரூப்பின் விவரப் பகுதியில் என் ரத்த வகை, ஆஸ்பத்திரி ஃபைல் எண், வார்டு போன் நம்பர், ஒத்துக்கொள்ளாத மருந்து, அதோடு ஒரு வரி: காய்ச்சல் 100.4 டிகிரி தாண்டினால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது, உடனே மதுரை. கீமோவுக்குப் பிறகு வெள்ளை அணுக்கள் இறங்கிக் கிடக்கும்போது காய்ச்சல் வந்தால் அது சாதாரணக் காய்ச்சல் கிடையாது.

ஒரு ராத்திரி அது வந்தது. குளிர் நடுக்கம். என் வீட்டுக்காரி தெர்மாமீட்டரைப் பார்த்துவிட்டு, குரூப்பில் "101" என்று மட்டும் எழுதினாள். கோல்கீப்பர் கார் வாசலில் வந்து நின்றபோது நான் சட்டைகூட மாற்றியிருக்கவில்லை. சாத்தூர், விருதுநகர், திருமங்கலம் என்று நான்குவழிச் சாலையில் அவன் ஓட்ட, பின்சீட்டில் இன்னொருவன் என் காலைப் போர்வையில் சுற்றிப் பிடித்துக்கொண்டு வந்தான். பேச்சே இல்லை. வார்டுக்கு முன்கூட்டியே போன் போட்டுச் சொல்லியிருந்தார்கள். போனதும் ரத்தம் எடுத்து, நரம்பில் ஆன்டிபயாடிக் ஏற்றினார்கள். இதை நான் பிராட்காஸ்ட்டில் போட்டிருந்தால் ஊர் பூராவும் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும், காரியம் நடந்திருக்காது. அவசரத்துக்குச் சில பேர், சேதிக்கு எல்லோரும் என்ற பிரிவு அன்றைக்குத்தான் எனக்கு உறுதியானது.

நண்பர்கள் அவரவர் தொழிலைக் கொண்டுவந்ததையும் இந்தக் குரூப்பில்தான் பார்த்தேன். ரைட் அவுட் ரயில்வேயில் டிக்கெட் கவுன்டரில் இருக்கிறான். சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போகும் புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூட வரும் ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி, அதற்கு ஆஸ்பத்திரியில் வாங்க வேண்டிய படிவம் எது என்று எல்லாம் அவன்தான் எழுதிப் போட்டான். சென்னையில் இருக்கும் லெஃப்ட் அவுட், பயாப்ஸிக்கு எடுத்த சதையைப் பதித்து வைத்த மெழுகுக் கட்டியையும் ஸ்லைடுகளையும் வாங்கி, இரண்டாவது கருத்துக்காக அடையாறு புற்றுநோய் மருத்துவமனைக்குக் கையோடு கொண்டுபோனான். 1954-ல் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கி, டாக்டர் சாந்தா 2021-ல் மறையும் வரை கட்டிக்காத்த இடம். அங்கே வரிசையில் நின்றுகொண்டே எழுதினான்: "மாப்ள, இங்க நிக்கிற கூட்டத்தப் பாத்தா நீ தனியாள் இல்லன்னு தெரியுது. கொடுத்துட்டேன்."

வேண்டாம் என்று எழுதியும் வைத்தியப் பார்வர்டுகள் வந்தன. முள்சீத்தா இலைக் கஷாயம், கோதுமைப்புல் சாறு, காரத்தன்மைத் தண்ணீர், சர்க்கரையை விட்டால் கட்டி பட்டினியில் செத்துவிடும் என்ற காணொளி. எல்லாமே பிரியத்தில் வந்தவை. தனியாக வந்ததால் நாலு பேர் முன்னால் யாரையும் மறுத்துப் பேச வேண்டியிருக்கவில்லை. "உங்க அன்புக்கு நன்றி. டாக்டரைக் கேக்காம வேற எதுவும் சாப்பிடக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க" என்று ஒரு வரியை எழுதி வைத்துக்கொண்டு அதையே அனுப்பினேன். மதினி முறையில் ஒருவர் மட்டும் விடாமல் அனுப்பினார். அவருக்கு டாக்டர் சொன்னதை என் குரலிலேயே பேசி அனுப்பினேன்: மூலிகைகளில் சில ஈரலைப் பாதிக்கும், கீமோ மருந்து உடம்பில் வேலை செய்வதையும் கெடுக்கும். அதன் பிறகு அவரிடமிருந்து ரசம்தான் வந்தது, தூக்குவாளியில். வாய் புண்ணாக இருந்த நாளில் அது இறங்கியது.

பதிலே எழுதாதவர்களும் உண்டு. எங்கள் அணியில் பேக் ஆடியவன் ஒருவன். எழுத்தும் வரவில்லை, குரலும் வரவில்லை. நீல டிக்கும் நிறுத்திவைத்திருந்ததால் பார்த்தானா இல்லையா என்றும் தெரியாது. வத்தல் வரத்து ஆரம்பித்த மாசியில் கடைக்குப் போனேன். அவன் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டு மூட்டை அடுக்கிக்கொண்டிருந்தான். சந்தை நாளெல்லாம் வருகிறான் என்று பில் போடுகிறவன் சொன்னான். என்னைப் பார்த்ததும், "வெயில்ல ஏன் வந்த? உள்ள போயி உக்காரு" என்றான். அவ்வளவுதான். எழுதாதவர்களை வைத்து யாரையும் அளக்காதீர்கள்.

கடைத் தொடர்புகளுக்குத் தனிப் பட்டியல், தனிச் சேதி. இதை நண்பர் பட்டியலோடு கலக்கவே கூடாது. அதில் நோயின் பெயரைச் சொன்னேன், சிகிச்சை ஆறு மாதம் என்று சொன்னேன், கடையில் யார் இருப்பார் என்று சொன்னேன், சனிக்கிழமைப் பட்டுவாடா வழக்கம்போல நடக்கும் என்று சொன்னேன். அண்ணன் பயந்தபடி சிலர் பாக்கியை முன்னதாகவே கேட்டார்கள், கொடுத்தோம். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், அவர்களுக்கும் கடன்காரர்கள் உண்டு. விளாத்திகுளம் பக்கத்திலிருந்து வரும் பெரியவர் ஒருவர் அந்த வாரமே வத்தல் மூட்டைகளை இறக்கிவிட்டு, "தம்பி வந்து வித்துக் கொடுக்கட்டும், எனக்கு அவசரமில்ல" என்று சொல்லிப் போனாராம்.

வேறு வழிகளையும் யோசித்தேன். ஸ்டேட்டஸ் 24 மணி நேரத்தில் மறைந்துவிடும், யார் பார்த்தார்கள் யார் விட்டார்கள் என்று நமக்கே குழப்பம், தவிர ஆட்களைத் தனியாகத் தேர்ந்தெடுக்காவிட்டால் சேமித்த நம்பரெல்லாம் பார்க்கும். ஃபேஸ்புக் எனக்கு வேண்டவே வேண்டாம். பழைய மாணவர் குரூப்பில் போடச் சொல்லி ஒருவர் சொன்னார். அதில் பிறந்தநாள் வாழ்த்துக்கும் அரசியல் சண்டைக்கும் நடுவில் என் சேதி கிடக்கும், முதல் ஆள் அனுதாபப் படம் போட்டால் பின்னால் வருகிறவர்கள் எல்லாம் அதையே போட்டுவிட்டு நகர்வார்கள். பட்டன் போன் வைத்திருப்பவர்களுக்கு பிராட்காஸ்ட்டும் கிடையாது. எங்கள் கடையில் மூட்டை தூக்கும் அண்ணாச்சிகளுக்கு அன்று காலையே நேரில் சொல்லிவிட்டுத்தான் மற்றவர்களுக்கு அனுப்பினேன். என் கடையில் வேலை பார்க்கிறவர்கள் மூன்றாம் மனிதர் வாயால் கேட்கக் கூடாது.

அடிக்கடி அனுப்பாதீர்கள். மாதத்துக்கு ஒன்று போதும். இரண்டு சுற்று மருந்துக்குப் பிறகு பெட் ஸ்கேன் எடுப்பார்கள், மருந்து வேலை செய்கிறதா என்று அதில்தான் தெரியும். ஆறு மணி நேரம் பட்டினி இருந்து, கதிரியக்கம் சேர்த்த சர்க்கரையை நரம்பில் ஏற்றி, அசையாமல் படுக்க வைப்பார்கள். அன்றைக்குச் சின்னப் பிள்ளைகளையும் கர்ப்பிணிகளையும் சில மணி நேரம் நெருங்க விடக் கூடாது, அதனால் முந்தின நாளே, நாளைக்கு யாரும் பிள்ளைகளோடு வீட்டுக்கு வர வேண்டாம் என்று எழுதிவிட்டேன். ரிசல்ட் நல்லபடியாக வந்தது. அதை முதலில் அம்மாவிடம் சொல்லிவிட்டு, ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்தே பட்டியலுக்கு எழுதினேன். அன்றைக்கு மட்டும் போன் செய்யலாம் என்று கடைசி வரியில் சேர்த்தேன். சார்ஜ் தீரும் வரை போன் ஓயவில்லை.

இப்போது சிகிச்சை முடிந்துவிட்டது. முடி வளர்ந்துவிட்டது, விரல் நுனியில் மரமரப்பு மட்டும் கொஞ்சம் பாக்கி. சிலர் இனி எதற்கு என்று பட்டியலை அழித்துவிடுவார்கள். அழிக்காதீர்கள். முதல் இரண்டு வருஷம் மூன்று மாதத்துக்கோ ஆறு மாதத்துக்கோ ஒரு தடவை செக்கப் உண்டு. ஒவ்வொன்றின் முடிவையும் இவர்கள் எதிர்பார்த்துக்கொண்டிருப்பார்கள், வாய் விட்டுக் கேட்க மாட்டார்கள். டாக்டரைப் பார்த்துவிட்டு வெளியே வந்ததும் ஒரு வரி அனுப்பிவிடுங்கள்.